சகடையின் விசில்

"என் அண்ணன் குரலைத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

என் மேலாளர் பிரசன்னா காபிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. உதட்டருகே பிடித்தபடியே என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு இன்னும் முழுதாக மூடியிருக்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று இதே அறையில்தான் அவர் சொன்னார்: "லீவு கேளுங்க, நல்ல நாற்காலி கேளுங்க, சம்பளம் ஏத்திக் கேளுங்க, தப்பே இல்ல. மூல ஒலியை மட்டும் கேக்காதீங்க. யாருக்காகவும் கேக்காதீங்க." அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பயிற்சியிலும் அதையே சொன்னார்கள். கோயிலில் கருவறைக்குள் போகாதே என்பார்களே, அந்தக் குரலில்.

"யாரோட குரல்?" என்றார்.

"குகன். என் அண்ணன். சகடைக்குள்ள வெச்சிருக்கீங்க."

"சகடைக்குள்ள இருக்கறது ப்ரொப்பெல்லர் விசில், சாருகா. அது அப்ரூவ் ஆகும்போது நீங்களே டீம்ல இருந்தீங்க."

"இன்ஜின் மூச்சு வாங்குமா, பிரசன்னா?"

அப்போதுதான் கோப்பையைக் கீழே வைத்தார்.

எங்கள் கம்பெனி செய்யும் விளையாட்டின் பெயர் ரிவெட். பழைய போர் விமானங்களில் ஏறி, உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் இன்னொரு மூலையில் இருப்பவனை இணையத்தில் சுட்டு வீழ்த்தலாம். டாங்கிகளும் உண்டு, கப்பல்களும் உண்டு. ஆனால் கூட்டம் விமானத்துக்குத்தான். இதை விளையாடுகிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இறக்கையில் எத்தனை ஆணி அடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள். ஒரு ஆணி குறைந்தால் பழைய புகைப்படம், தொழிற்சாலை வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் இணைய மன்றத்தில் புகார் எழுதுவார்கள். அந்தப் புகார்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆதாரம் இருந்தால் 'ஏற்கப்பட்டது' என்று போடுவேன். ஒன்றுதான் இருந்தால் 'போதாது'. பிரசன்னாவே நினைத்தாலும் இந்த விதியை மீற முடியாது. மீறினால் ஆணி எண்ணுகிறவர்கள் ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

போன வருஷம், கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் நடந்த போரை வைத்து ஒரு வரைபடம் வெளியிட்டோம். மணல் பாதை, கிடுகுக் கூரை, பனை. அதற்குப் பெயர் 'கிராமம் பி'. வந்த முதல் புகாரே, பனைகளில் தென்னை ஓலை இருக்கிறது என்பதுதான். எங்கோ பனி பெய்கிற ஊரில் உட்கார்ந்து ஒருவன் பனை ஓலையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறான். இரண்டே நாளில் திருத்திக் கொடுத்தார்கள். அந்தக் கிராமத்தில் ஒரு மனிதர்கூட இல்லை என்று மட்டும் எவனும் புகார் எழுதவில்லை. சிறுவர்களும் விளையாடுவதால் தரையில் ஆட்களைக் காட்டக்கூடாதாம். குண்டு விழுந்தால் கூரை எரியும், பனை எரியும், கிணற்றுக்கட்டு உடையும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவி வைத்த மாதிரி அவ்வளவு சுத்தமான கிராமம்.

சகடை என்பது அங்கே எங்கள் சனம் வைத்த பெயர். சாமான் ஏற்றுகிற விமானம் அது. கதவைத் திறந்து குண்டுகளை உருட்டிவிடுவார்கள். மெதுவாக வரும், தலைக்கு மேலேயே சுற்றும். கம்பெனிக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது. "எவ்வளவு ஆத்தென்டிக்" என்று பிரசன்னா கைதட்டினார். ஆனால் ஒரு சிக்கல். விமானத்தின் உள்ளே இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒலிப்பதிவுகள் இருந்தன. கீழே பதுங்கு குழிக்குள் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றும் இல்லை. குழிக்குள் டேப்ரெக்கார்டர் கொண்டுபோனவர் யார்.

அதற்குத்தான் தொப்பி வந்தது. காது கேட்டதை மூளை வைத்திருக்கும் இடத்திலிருந்து அந்தச் சத்தத்தை உருவி எடுக்கும் கருவி. பார்க்க, தலைக்கு மருதாணி வைத்துவிட்டுப் போடுகிற உறை மாதிரி இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அகதி முகாமில் பிறந்து, பத்துக்குப் பத்து வீட்டில் படித்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, "சொந்த ஊர்னு எதைப் போடறது?" என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை கேட்டுப் போன இடங்களில் மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்த முகங்கள் அகதி அட்டையைப் பார்த்ததும் சுருங்கின. ரிவெட் கம்பெனி ஒன்றுதான் அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. நானும் எத்தனை நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு வேண்டியது என் டிகிரி இல்லை, என் முகாம்.

அம்மாவை நான் கூட்டிவரவில்லை. அம்மாதான் என்னைக் கூட்டிவந்தாள் என்று சொல்ல வேண்டும். விஷயத்தைக் கேட்டதும் முதல் ஆளாக, "அந்தச் சத்தத்தை எடுத்துப்போடுவாங்களோ? அப்ப நான் வாறன்" என்றாள். திருவிழாவில் வெடி போட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிற பெண் அவள். விமானம் இறங்குகிற மீனம்பாக்கம் பக்கம் பஸ்ஸில் போகமாட்டாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சகடை அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

தொப்பியை மாட்டியவன் எபநேசர். ஒலிப் பிரிவில் வேலை, தூத்துக்குடிப் பையன், எல்லாருக்கும் எபி.

"தம்பி, நோகுமோ?" என்று அம்மா கேட்டாள்.

"வலிக்காதும்மா. ஆனா அந்த நாளை நீங்க நல்லா நினைக்கணும். நினைச்சாத்தான் அது மேல எழும்பும். எழும்பினாத்தான் எடுக்க முடியும்."

"எடுத்தாப் பிறகு?"

"எழும்பின ஞாபகம் திரும்ப உக்காரும்போது கொஞ்சம் தேய்ஞ்சுதான் உக்காரும். மூணு நாலு தடவை எழுப்பினா அந்தச் சத்தமே போயிடும். நிறையப் பேருக்கு அது நிம்மதியா இருக்குன்னு சொல்றாங்க."

"நிம்மதிதானே தம்பி தேடுறம்" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

கம்பெனி அதற்கு வைத்திருந்த பெயர் 'நிவாரணம்'. நாங்கள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, உங்கள் சுமையை இறக்கிவைக்கிறோம் என்று அழகான தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அம்மாவோடு பக்கத்து வீட்டு மலர் அன்ரியும் வந்தார். பிறகு தவராசா அண்ணை என்று வேறு ஊர்க்காரர் ஒருவர். இரண்டு காது ஒத்துப்போனால் சத்தம் ஏற்கப்படும் என்பது விதி. அம்மாவின் காதும் மலர் அன்ரியின் காதும் அப்படியே ஒத்துப்போயின. இரண்டிலும் இன்ஜின் இரைச்சலுக்கு மேலே மெல்லிசாக நீண்டு போகும் ஒரு விசில். தவராசா அண்ணையிடம் அந்த விசில் இல்லை. இரண்டுக்கு ஒன்று, அவர் காது சரியில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

விசில் வெளியான அன்று ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயத்தை ரிவெட் கண்டுபிடித்துவிட்டது என்றார்கள். சகடையை எடுத்துக்கொண்டு கிராமம் பி மேல் வட்டமடிக்க வரிசையில் நின்றார்கள். "இன்னும் சத்தமா வைங்க, எனக்குப் புல்லரிக்குது" என்று ஒருவன் எழுதியிருந்தான்.

வீட்டில் அம்மா தூங்க ஆரம்பித்தாள். உண்மையாகவே தூங்கினாள். கோயில் வெடிக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்பெனிக்கு நன்றி சொல்லலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

போன மாதம் குகனின் திவசம். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செத்தவன் அவன். எனக்கு இருபத்தாறு ஆகியும் அவனுக்கு இன்னும் நாலு வயது. ஒரு சகடைத் தாக்குதலில் குழியை விட்டு வெளியே ஓடியவன். அவனுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. இலையில் சோறு போட்டுவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளை, எனக்கு அவன்ரை குரல் கேக்கேல்லை" என்றாள்.

"என்னம்மா?"

"வாய் திறக்கிறான். எனக்குத் தெரியுது. சத்தம் வரேல்லை. இவ்வளவு காலமும் அவன் கடைசியாக் கதைச்சது எனக்குள்ள இருந்தது. அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இப்ப என்ன கதைச்சவன் எண்டே தெரியேல்லை." கையைக் கழுவாமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் சகடையைத்தானே எடுக்கச் சொன்னனான். பிள்ளையை ஏன் எடுத்தவங்கள்?"

அந்த வாரம்தான் மன்றத்தில் ஒருவன் விசிலை நாலு மடங்கு மெதுவாக்கிப் போட்டிருந்தான். வேடிக்கைக்குத்தான். கேட்டேன். நீளமாக ஒரு 'ஊ'. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் காற்று உள்ளே இழுபடுகிறது. திரும்பவும் 'ஊ'. கீழே ஒருவன், "விமானம் மூச்சு வாங்குதுடா, பாவம், ஆஸ்துமா" என்று எழுதியிருந்தான். இன்னொருவன், "அம்மாவைத் தேடுது" என்று எழுதி, அழுகிற பொம்மை போட்டிருந்தான். அதற்கு ஆயிரக்கணக்கில் சிரிப்பு விழுந்திருந்தது.

மலர் அன்ரி வேறு யாருமில்லை. அம்மாவோடு ஒரே குழிக்குள் இருந்தவர். அவர் கேட்ட இன்ஜின்தான் அம்மா கேட்டதும். அவர் கேட்ட பிள்ளைதான் அம்மா கேட்டதும். தவராசா அண்ணையின் ஊரில் குகன் இல்லை. அதனால்தான் அவர் சகடையில் விசில் இல்லை. தொடர்பில்லாத இரண்டு ஆதாரம் வேண்டும் என்று உயிரை வாங்குகிற இவர்கள், ஒரே குழிக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களை எடுத்து, ஒரு குழந்தையை ப்ரொப்பெல்லர் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் பிரசன்னாவிடம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். அதுதான் அவரிடம் எனக்கு முதலில் அருவருப்பான விஷயம். யார் என்ன சொன்னாலும், சாப்பாட்டு ருசியைச் சோதிப்பவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

எபியைக் கூப்பிட்டார். "எபி, அந்த விசிலைத் தனியாப் பிரிக்க முடியுமா?"

எபி என்னைப் பார்க்கவில்லை. "பிரிச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"எப்பல இருந்து?"

"அன்னைக்கே. சுத்தம் பண்ணும்போதே. இன்ஜின் சுருதி ஒரே மாதிரி போகும், இது கொஞ்சம் ஆடுது. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. சந்தேகம்னு டிக்கெட் போட்டேன். ரெண்டு காதும் ஒத்துப்போச்சு, மூடுன்னு பதில் வந்துச்சு." பிரசன்னாவைப் பார்த்து, "நீங்கதான் பதில் போட்டீங்க" என்றான்.

பிரசன்னா அதையும் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டார். "சரி. சாருகாவுக்குப் போட்டுக் காட்டு. பாவம், தெரிஞ்சுக்கட்டும்."

ஒலி அறைக்குள் போன், பேனா ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. வாசலில் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனோம். எபி ஹெட்போனை என்னிடம் கொடுத்தான். "சாரு, ஒண்ணு சொல்லணும். விசில் மட்டும்தான் ஆட்டத்துல இருக்கு. முன்ன பின்ன இருந்ததைக் குப்பைன்னு வெட்டினேன். ஆனா மூலத்துல இருக்கு. அதையும் சேர்த்துப் போடவா?"

தலையாட்டினேன்.

அழுகையைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது சிரிப்பு. மூக்கடைத்த ஒரு சின்னப் பையனின் சிரிப்பு. யாரோ உஸ் என்கிறார்கள். அது அம்மாவாக இருக்கலாம். பிறகு அவன், ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொல்கிறான்: "அம்மா, நான்தான் சகடை." உடனே 'ஊ' என்று தொடங்குகிறான். மேலே போகும் விமானத்தின் சுருதியை அப்படியே பிடித்துக்கொண்டு. மூச்சு முட்டுகிறது, உள்ளே இழுக்கிறான், திரும்பப் பிடிக்கிறான். நல்ல காது அவனுக்கு. அவ்வளவு சரியாகப் பிடித்ததால்தான் அவனை இன்ஜின் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவன் பயப்படவில்லை. விளையாடிக்கொண்டிருந்தான்.

ஹெட்போனைக் கழற்றியபோது எபி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் தங்கச்சி பையனும் இப்படித்தான் பண்ணுவான்" என்றான்.

பிரசன்னாவின் அறைக்குத் திரும்பினோம். அவர் அதற்குள் யோசித்து முடித்திருந்தார். அவர் முகம் மலர்ந்திருந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாருங்க சாருகா, இதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப மன்றத்துல ஒரு குரூப் கேள்வி கேக்க ஆரம்பிச்சிருக்கு. மியூசியத்துல நிக்கிற விமானத்துல விசில் வரலையே, இது எப்படின்னு. உங்கம்மா காதை நாம திரும்பக் கேக்க முடியாது, அது தேய்ஞ்சு போச்சு. பக்கத்து வீட்டம்மாவுக்கும் அப்படித்தான். நமக்கு ஒரு ஆள் வேணும். கேமரா முன்னாடி உக்காந்து, எங்க ஊர்ல எல்லாரும் இந்த விசிலைக் கேட்டிருக்கோம், எங்க வீட்ல சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கேன்னு நீங்க சொன்னாப் போதும்."

"பொய் சொல்லணும்."

"கம்யூனிட்டியோட நினைவைச் சொல்றோம்."

"சொன்னா?"

"எபி வெச்சிருக்கற முழு ஃபைலும் உங்கம்மாவுக்கு. கம்பெனி பரிசு. சட்டப்பூர்வமா தர்றேன், எழுதித் தர்றேன்."

"சொல்லலைன்னா?"

"நான் என்ன பண்ண முடியும். ஆதாரம் போதாதுன்னு விசிலைத் தூக்கிடுவாங்க. தள்ளுபடியான ஆதாரத்தை மூலத்தோட அழிச்சிடணும், அது உங்களுக்கே தெரியும். நீங்களே எத்தனை தடவை அழிச்சிருக்கீங்க."

"அது குழந்தைன்னு மன்றத்துல உண்மையைச் சொன்னா?"

பிரசன்னா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் மோசம். "சொல்லுங்களேன். நான் தடுக்க மாட்டேன். ஒரு நிஜக் குழந்தையோட கடைசிக் குரல்னு தெரிஞ்சா விட்டுடுவாங்கன்னா நினைக்கறீங்க? அவங்களுக்கு இதைவிட ஆத்தென்டிக்கா ஒண்ணு கிடைக்குமா? வேணும்கறவங்க போட்டுக்க, வேணாம்கறவங்க அணைச்சுக்க, ஒரு பட்டன் வெச்சுக் கேப்பாங்க." சற்று முன்னால் சாய்ந்தார். "நானே யோசிச்சேன். மரியாதையாப் பண்ணலாம். சகடையோட மூக்குல உங்க அண்ணன் பேரை எழுதிடலாம். அந்தக் காலத்துல விமானிங்க எழுதுவாங்க இல்ல, அந்த மாதிரி. குகன். தமிழ்லயே."

நான் அவர் மேஜையில் இருந்த காபிக் கோப்பையைப் பார்த்தேன். ஓரத்தில் பால் ஏடு ஒட்டிக் காய்ந்திருந்தது. குண்டு போடுகிற விமானத்தின் மூக்கில், அந்தக் குண்டில் செத்த பையனின் பெயர். அவருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உங்கம்மாவையே கேட்டுடலாமே" என்று அவரே என் வீட்டு எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். குரலில் தேன். அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டு முடித்துவிட்டு அம்மா கேட்டாள்:

"தம்பி, அந்தப் பிளேன் இப்பவும் குண்டு போடுதோ?"

"அது கேம்தாங்கம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"போடுதோ எண்டுதான் கேட்டனான்."

"...ஆமாங்கம்மா. விளையாட்டுல."

"என்ரை பிள்ளையின்ரை சத்தத்தோடையோ?"

பிரசன்னா என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வரவில்லை.

"சாரு, நீ கேட்டனியோ?" என்றாள் அம்மா.

"ஓமம்மா."

"அழுதவனோ?"

"இல்லை. விளையாடினவன்."

முகாமின் தண்ணீர்க் குழாயடிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அம்மா, "நான் வாறன். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லுறன். ஒருக்காக் கேட்டால் காணும், போதும்" என்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. "ஒருக்காத்தான்."

பிரசன்னா போனை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார். பாருங்கள், எல்லாருக்கும் நல்லது என்கிற மாதிரி.

அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகனின் குரலுக்காக அவள் எதையும் சொல்வாள். அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கேமராவைத் திருப்பி வைக்கிற கைதான் எனக்குத் தெரிந்தது.

"யோசிக்கணும்" என்றேன். "அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேக்கணும்."

"தாராளமா. எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க" என்றார் பெருந்தன்மையோடு.

கேட்டேன். முதல் தடவை கேட்டதுபோல இல்லை இது. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டேன். சிரிப்பு எங்கே தொடங்குகிறது, 'சகடை' என்பதில் அவன் எந்த எழுத்தை இழுக்கிறான், 'ஊ'வை மூக்கால் பிடிக்கிறானா தொண்டையாலா, மூச்சு எங்கே இழுபடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தேன். எபி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நான் கேட்காமலே திரும்பத் திரும்பப் போட்டான். ஒருமுறை மெதுவாக்கியும் போட்டான். எழுத்து எழுத்தாக.

கடைசியில் நான் ஹெட்போனைக் கழற்றி, "எபி, அந்தத் தொப்பில ஒரு உரசல் சத்தம் இருந்துச்சா?" என்றேன்.

"உரசலா?"

"அம்மாவுக்கும் மலர் அன்ரிக்கும் ஒரே தொப்பி. தவராசா அண்ணைக்கு மட்டும் வேற தொப்பி. உரசல் இருந்தா, ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி ஒரு விசில் வர வாய்ப்பிருக்கா இல்லையா?"

உண்மையைச் சொன்னால் ஆட்டக்காரர்கள் விடமாட்டார்கள் என்பது எபிக்கும் தெரியும். நிஜக் குழந்தை என்றால் பட்டன் வைப்பார்கள். ஆனால் கருவிக் கோளாறு என்றால்? வரலாற்றில் இல்லாத, விமானத்துக்குச் சொந்தமில்லாத, வெறும் உரசல் என்றால்? ஆணி எண்ணுகிறவர்களுக்கு அதைவிட அசிங்கம் உலகத்தில் கிடையாது. ஒரு மணி நேரம் பொறுக்கமாட்டார்கள்.

"சாரு, மூலத்தையும் அழிச்சிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"அம்மா?"

வாயைத் திறந்தால் உள்ளே பிடித்துவைத்த குகனின் குரல் கலைந்துவிடும் போல இருந்தது.

அவன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். பிறகு தன் பெயரில், தன் பிரிவின் குறிப்பாக, ஒரே வரி எழுதினான்: இரண்டு பதிவுகளிலும் ஒரே தொப்பியின் தொடர்பு உரசல் காணப்படுகிறது. அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். வேலை போனாலும் போகலாம் என்று அவனுக்குத் தெரியும்.

என் இருக்கைக்குப் போனேன். விசில் சம்பந்தமாகத் திறந்து கிடந்த புகாரை எடுத்தேன். கேட்டவன் பெயர் ஏதோ எண்களோடு இருந்தது. ஆதாரம் ஒன்று: ஒலிப் பிரிவின் குறிப்பு. ஆதாரம் இரண்டு: உரசல் இல்லாத தொப்பி, விசில் இல்லாத தவராசா அண்ணையின் காது. தொடர்பில்லாத இரண்டு. காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: இது விமானத்தின் ஒலி அல்ல. எந்த மனிதரின் குரலும் அல்ல. கருவிப் பிழை.

என் அண்ணனைப் பற்றி நான் எழுதிய முதல் வாக்கியம் அது.

'ஏற்கப்பட்டது' என்பதை அழுத்தினேன். மன்றத்தில் உடனே ஆரவாரம் எழுந்தது. "அப்பவே சொன்னேன்", "வெட்கக்கேடு", "உடனே தூக்குங்க", "எத்தனை வாரம் ஒரு குப்பைச் சத்தத்தைக் கேட்டிருக்கோம்". அப்படிக் கத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் புல்லரித்தவர்கள்தான். திரையின் கீழ் மூலையில் அழிப்பு வரிசை நகரத் தொடங்கியது. அதை நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றி விசைப்பலகை மேல் வைத்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

பிரசன்னா கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மன்றத்தை இன்னும் பார்த்திருக்கவில்லை. "என்ன சாருகா, முடிவு பண்ணிட்டீங்களா? ஷூட்டை வியாழக்கிழமை வெச்சுக்கலாமா? அம்மாவுக்கு வண்டி அனுப்பறேன்."

நான் நிற்கவில்லை. அவர் இரண்டாவது தடவை கூப்பிட்டார், இந்த முறை "ஏய், உன்னைத்தான்" என்று. லிஃப்டில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் படியில் இறங்கினேன். வரவேற்பில் இருந்த பெண் சாப்பிடப் போறியா என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே சாலை முழுக்க ஹாரன். கும்மிடிப்பூண்டிக்கு ரயில் மாறிப் போக வேண்டும், மதியக் கூட்டம், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். இரண்டு காதையும் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உதட்டை மூடியபடி வேகமாக நடந்தேன். இந்த வாயை இனி அம்மாவின் முன்னால்தான் திறப்பேன்.